நுரைநூல்

பாயிரம்

நுரை நான்கு வகைப்படும். அவையாவன கடல்நுரை, கள்நுரை, குளம்பிநுரை, சிறுநீர்நுரை என்பன. முதலதைப் புலவரும், இரண்டாவதைக் குடிப்போரும், மூன்றாவதைக் கும்பகோணத்தாரும் வேண்டிய அளவு ஆய்ந்துவிட்டனர். நான்காவதை முறைப்பட வகுத்தார் இலர். அதுவே இந்நூல் நுதலிய பொருள்.

மாணாக்க, நூல் கேட்குமுன் கேட்போன் இயல்பு கேள். இந்நூலுக்கு உரியவன் நீரிழிவு உடையவன். அல்லது நீரிழிவு உடையாரோடு ஒரே கழிவறையைப் பகிர்பவன். வைகறையில் கழிகலத்தின் முன் நின்று, நீர் விட்டபின் உடனே தண்ணீர் ஊற்றாமல், மூன்று நொடி குனிந்து நோக்கும் வழக்கம் அவனுக்கு இருத்தல் வேண்டும். அவ்வழக்கம் இல்லாதவன் இவ்விடத்தே நூலை மூடுக. வழக்கம் உண்டானபின் மீளத் திறக்க.

முன்னை நூலாரை மறத்தல் ஆகாது. தேரையர் வழிவந்த தமிழ் மருத்துவர் நீர்க்குறியை நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என ஐந்தாகப் பகுத்தனர். ஐந்தில் ஒன்றை நுரைக்குத் தந்தமையால் அவர் எமக்கு முன்னோர் ஆவர். ஆயினும் அவரே நெய்க்குறி என்னும் பகுதியில் நீர்மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, வளையமாகிறதா, முத்தாக நிற்கிறதா என்று நோக்கினர். எண்ணெயின்மேல் கண் சென்றபின் நுரையின்மேல் கண் செல்வது அரிது என்பது எம் துணிபு. கிரேக்கத்து இப்போக்கிரட்டீசு பெயரால் வழங்கும் நூலும் நீர்மேல் நிற்கும் குமிழியைச் சிறுநீரக நோயோடு இணைத்துப் பேசும். அந்நூலார் குமிழியை வகைப்படுத்தாது விட்டது குறையே.

எறும்பியலார் என்று ஒரு மாற்றுக் குழுவினரும் உளர். நீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதே நோய்க்குறி என்பது அவர் கோட்பாடு. அவர் காண்பது கன்னல்; இதனை ஊரார் சர்க்கரை என்பர். யாம் காண்பது வெண்ணியம்; இதனை ஊரார் ஆல்புமின் என்பர். நீரில் கன்னல் வருவது குருதியில் கன்னல் மிக்கதைக் காட்டும். வெண்ணியம் வருவது வடிகட்டியே பழுதுற்றதைக் காட்டும். ஆகலின் எறும்பியலும் நுரையியலும் வெவ்வேறு துறைகள் எனக் கொள்க. ஒன்றை மற்றொன்றோடு மயக்குவோன் இரண்டிலும் தேறான்.

முதலியல்: பொய்ந்நுரை

சிறுநீர்நுரை பொய்ந்நுரை, அயல்நுரை, மெய்ந்நுரை என மூன்றாம். அவற்றுள் பொய்ந்நுரை நான்கு உட்பிரிவுடையது.

வீழ்நுரையாவது உயரத்தினின்று விழுதலால் உண்டாவது. நிற்போர்க்கும் கலத்துக்கும் இடையே உள்ள தொலைவு மிக மிக நுரையும் மிகும். இருந்து கழிப்பின் பெரும்பாலும் ஒழியும். எனவே இது மகளிர்க்கு அருகியும் ஆடவர்க்குப் பெருகியும் வரும்.

கழுவுநுரையாவது இல்லத்தார் முந்தின இரவு கலத்தில் ஊற்றிய கழுவுநீரின் எச்சத்தால் வருவது. நீலமாகவோ பச்சையாகவோ நறுமணத்தோடோ தோன்றும். நறுமணமுடைய நுரை எதுவும் சிறுநீரகத்தினின்று வாராது என்பதை நெஞ்சில் நிறுத்துக.

வைகறைநுரையாவது இரவெல்லாம் தண்ணீர் குடியாமையால் நீர் செறிந்து வருவது. இரண்டு குவளை குடித்தபின் அடுத்த முறை இராது. பேருந்துநுரையாவது சென்னையில் ஏறித் திருநெல்வேலி செல்வோன், ஓட்டுநர் நிறுத்தும் இடம்வரை அடக்கிவைத்து, இறங்கி ஓடிப்போய் விடுதலால் உண்டாவது. அளவும் விரைவும் சேர்ந்து இந்நுரையைத் தருகின்றன. விழுப்புரத்துக்கு முன் தோன்றும் பேருந்துநுரை பெரிதும் நம்பத்தக்கதன்று.

அயல்நுரை ஒன்றே. ஈரல் நோயில் பித்தநீர் உப்புகள் சிறுநீரில் கலந்து வருவது அது. நுரையே மஞ்சளாக இருத்தலும், கண்ணும் உடன் மஞ்சளாதலும் அதன் அடையாளம். இது பிறிதோர் உறுப்பின் உடைமை ஆகலின் அவ்வுறுப்பின் நூலார் ஆய்க.

பொய்ந்நுரையின் குமிழி பெரிது, விரைந்து உடையும். மெய்ந்நுரையின் குமிழி சிறிது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நெடிது நிற்கும். தண்ணீர் ஊற்றியபின்னும் கலத்தின் ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும். அஃது ஏன் எனின், வெண்ணியத்தில் நீரை விரும்பும் பகுதியும் நீரை வெறுக்கும் பகுதியும் உண்டு. வெறுக்கும் பகுதி வளியின் பக்கம் ஒதுங்க, குமிழியின் தோல் வலுக்கும் என்க.

இதனைக் கண்ணால் மட்டுமன்றி நெருப்பாலும் அறிந்தோர் உளர். 18 ஆம் நூற்றாண்டில் நேப்பிள்சில் தொமேனிக்கோ கோட்டுனோ என்பார் உடல் வீங்கிய படைவீரன் ஒருவனது நீரைக் காய்ச்ச, அது முட்டை வெண்கரு போல் உறைந்தது. இலண்டன் கைசு மருத்துவமனையின் இரிச்சர்டு பிரைட்டு நோயாளர் நீரைக் கரண்டியில் ஊற்றி விளக்கில் காட்டிப் பார்த்தார். அவர் நூல் 1827 இல் வந்தது. அக்கரண்டி பின்னர் எங்குச் சென்றது என்பதை உரைகாரர் எவரும் விளக்காமை பெருங்குறை.

இரண்டாமியல்: மெய்ந்நுரையின் கரணியர்

மெய்ந்நுரை தானே தோன்றாது. அதனைத் தோற்றுவிப்போர் சிறுநீரகத்துக் கண்ணறைகள். பள்ளிநூலார் உயிரணு என்பர். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து நூறாயிரம் வடிகட்டிகள் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் வடிப்பது ஏறத்தாழ 180 இலிட்டர். அதில் வெளியே வருவது ஒன்றிரண்டு இலிட்டரே, மற்றது மீட்கப்படும். கரணியர் அறுவர், ஆனால் அறுவரும் ஒத்த குற்றத்தினர் அல்லர்.

முதலாமவர் பலகணியர். மயிர்க்குழலின் உட்சுவராய் அமைந்து, உடலெங்கும் நுண்ணிய பலகணிகள் உடையவர். அவர்மேல் கன்னற்பொருளால் ஆன மெல்லிய பாசிப்போர்வை உண்டு. நீரிழிவில் அப்போர்வை தேயும். குருதியில் கன்னல் மிகும்போது கன்னலால் ஆன போர்வை குறைகிறதே என்று மாணாக்கன் வியத்தல் கூடாது, குறித்துக்கொண்டு மேற்செல்க.

இரண்டாமவர் காலூன்றியர். இவரே தலைமைக் கரணியர் ஆகலின் இங்கே சற்று நிற்போம். மயிர்க்குழலின் வெளிப்புறத்தே இருந்து, தம் பெருங்கால்களினின்று விரற்கால்களை நீட்டி, அண்டையாரின் விரற்கால்களோடு கோத்து நிற்பர். கோத்த விரல்களுக்கு இடையே உள்ள இடுக்கு ஏறத்தாழ 40 நானோமீட்டர். அவ்விடுக்கில் ஒரு திரை உண்டு. திரையின் முதன்மை இழை நெஃப்ரின். பின்லாந்தில் குழந்தைகளைப் பிறவியிலேயே பற்றும் ஒரு சிறுநீரக நோயின் மரபுக்கூற்றைத் தேடியோர் 1998 இல் அதைக் கண்டனர். அவ்விழை இல்லாமல் பிறந்த குழந்தைக்கு வெண்ணியம் தடையின்றிப் போகும்.

நீரிழிவில் காலூன்றியர் நெறிபிறழ்தல் நான்கு நிலை உடையது. மழுங்கல்: விரற்கால்கள் தட்டையாகி ஒன்றோடொன்று இணைந்து, இடுக்கு என்பதே இல்லாதாதல். பருத்தல்: அண்டையார் இல்லாத இடத்தையும் தாமே மூட முயன்று உடல் பெருத்தல். பிரிதல்: பிடி விட்டு நீரோடு போதல். மடிதல்: இருந்த இடத்தே இறத்தல். பிரிந்தோருள் சிலர் நோயாளரின் சிறுநீரில் உயிரோடு காணப்படுவர். ஆய்வகத்தில் கலத்தில் இட்டு வளர்த்தோரும் உண்டு. மற்ற கண்ணறைகளைப் போல இவர் பிளந்து பெருகமாட்டார். போனவர் இடம் பெரும்பாலும் ஒழிந்தே கிடக்கும். போர்த்தப்படாத அவ்விடத்தில் மயிர்க்குழல் வெளிச்சுவரில் ஒட்டிக்கொள்ள, அங்கே வடு தொடங்கும். இன்னும் ஒன்று: இவர் இன்சுலினுக்கும் செவிசாய்ப்பவர். எலிகளில் காலூன்றியரிடமிருந்து இன்சுலின் ஏற்பியை மட்டும் நீக்கிப் பார்த்தபோது, குருதிக்கன்னல் இயல்பாக இருந்தும் நீரிழிவுச் சிறுநீரகத்தை ஒத்த மாற்றங்கள் தோன்றின. எனவே இவரைக் கன்னலால் மட்டும் கெட்டவர் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது.

காலூன்றியர்க்கும் பலகணியர்க்கும் இடையே அடித்தோல் ஒன்று உண்டு. நீரிழிவில் அது தடிக்கும். அது கரணியருள் எண்ணப்படுமோ எனின், எண்ணப்படாது. அது கண்ணறை அன்று, நெய்யப்பட்ட பொருள். குற்றம் நெய்த இருவர்க்கே. தடித்த தோலில் கசிவு குறைய வேண்டுமே, ஏன் கூடுகிறது என்பான் நல்ல மாணாக்கன். தடிப்பு வேறு, செறிவு வேறு என்பது விடை.

மூன்றாமவர் இடைநிற்போர். குழல்களுக்கு இடையே நின்று தாங்குவது இவர் தொழில். கன்னல் மிகின் தாங்குவதை விட்டு இடைப்பொருளைச் சுரக்கத் தொடங்குவர்; சுரந்தது கரையாது; குழல்கள் ஓரத்துக்குத் தள்ளப்படும். முதிர்ந்த நிலையில் அப்பொருள் உருண்டு கணுவாகும். 1936 இல் பால் கிம்மெல்சுட்டீல், கிளிபர்டு வில்சன் என்னும் இருவர் இக்கணுவை விரித்துரைத்தனர். அது முதல் அது அவர் இருவர் பெயரால் வழங்கும். ஒரு கணுவுக்கு இருவர் பெயர் மிகை என்பார் கூற்றை ஏற்கோம்.

நான்காமவர் மீட்போர். வடிந்த நீரினின்று கன்னலையும் உப்பையும் தப்பிவந்த வெண்ணியத்தையும் மீட்டு உள்ளே விடுவது இவர் கடன். கன்னலில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை மீட்கும் வாயில் எசுஜிஎல்டி-2 என்பது. அது கன்னலைத் தனியே விடாது. உப்பையும் உடன் இழுக்கும். நீரிழிவில் வரும் கன்னல் மிகுதலால் மீட்போர் அவ்வாயிலைப் பெருக்கி, தாமும் பருப்பர். நோயின் தொடக்கத்தில் சிறுநீரகமே பெரிதாவது இதனால். செல்வம் வீணாகக் கூடாது என்னும் நல்லெண்ணத்தால் கெடுவோர் என இவரை வகுக்க.

ஐந்தாமவர் உப்பறி காவலர். குழாயின் பின்பகுதியில் நின்று, கடந்து செல்லும் உப்பை அளப்பர். முன்னரே மீட்போர் உப்பை எடுத்துவிட்டமையால், வடிப்புக் குறைந்தது என்று தவறாக எண்ணி, குருதி வரும் வாயிலைத் திறந்துவிடுவர். வடிகட்டியில் அழுத்தம் ஏறும். இதற்கு மிகைவடிப்பு என்று பெயர். இவரிடம் குற்றம் இல்லை, ஏமாற்றப்பட்டமை உண்டு. மிகைவடிப்புக் காலத்தில் ஆய்வுத்தாளில் வடிப்பு எண் வழக்கத்தினும் உயர்ந்து தோன்றும். அதைக் கண்டு “என் கிட்னி இளவட்டம் மாதிரி இருக்கு” என்று திண்ணையில் உரைப்போரை எம் ஊரில் கண்டதுண்டு.

ஆறாமவர் நார்நெய்வோர். குழாய்களுக்கு வெளியே இருந்து, விழுங்கணுக்கள் வந்து கூடி இரைந்தபின் நாரை நெய்துகொண்டே போவர். நிறுத்த அறியார். இவரைப் பற்றி இவ்வளவே சாலும். இவர் வேலை தொடங்கியபின் நுரை ஆய்வு வீண்.

2010 இல் நோய்க்கூற்றியலார் பன்னாட்டுக் குழுவாகக் கூடி இம்மாற்றங்களை வகுத்தனர். அடித்தோல் பெண்டிரில் 395, ஆடவரில் 430 நானோமீட்டரைக் கடந்தால் முதல் வகுப்பு. இடைப்பொருள் பெருகின் இரண்டாம் வகுப்பு. அதிலும் மெலிது, வலிது என இரு பிரிவு. கணு ஒன்றேனும் காணின் மூன்றாவது. வடிகட்டிகளில் பாதிக்குமேல் முற்றும் வடுவாகின் நான்காவது. வகுப்பு நேர்த்தியானது. நுரைக்கு அதில் ஓரிடமும் இல்லை என்பதை மட்டும் பதிவுசெய்து அமைகிறோம்.

மூன்றாமியல்: நுரையிலா நுரைநிலை

இது இந்நூலின் கடுமையான பகுதி, விழித்திருந்து கேள். நீரில் வெண்ணியத்தின் அளவைத் தசையெச்சத்தின் அளவோடு ஒப்பிட்டு ஆய்வகத்தார் கூறுவர். தசையெச்சத்தை ஊரார் கிரியேட்டினின் என்பர். ஒரு கிராம் தசையெச்சத்துக்கு வெண்ணியம் 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பின் இயல்பு. 30 முதல் 300 வரை இடைக்கசிவு. 300 கடந்தால் பெருங்கசிவு. நுரை கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் மூன்றாவதில்தான். இடைக்கசிவில் பலகணியர் போர்வை இழந்திருப்பர், காலூன்றியர் மழுங்கத் தொடங்கியிருப்பர், அடித்தோல் தடித்திருக்கும். கலத்திலோ நீர் தெளிந்து கிடக்கும். ஆகவே நுரையியலின் தலைசிறந்த பொருள் தோன்றாத நுரையே என்பது எம் கொள்கை.

தோன்றாத நுரையை அறிய ஆய்வகம் ஒன்றே வழி. வைகறை முதல்நீர் சிறந்தது. காய்ச்சல், நீர்த்தாரைத் தொற்று, முந்தின நாள் கடும் ஓட்டம், மாதவிலக்கு இவை கணக்கைக் கெடுக்கும். ஒருமுறை மிகின் உறுதி இல்லை. 3 முதல் 6 மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டு மிகின் உறுதி. இரண்டாம் வகை நீரிழிவாளர் நோய் கண்ட நாளே தொடங்கி ஆண்டுதோறும் பார்க்க. முதல் வகையினர் 5 ஆண்டு கழித்துத் தொடங்குக. வெண்ணியம் கசியாமலே வடிப்பு குறைவோரும் உளர். அவர் வறள்வழியர் எனப்படுவர். அவர்பொருட்டுக் குருதியில் தசையெச்சமும் பார்க்கப்படும். வறள்வழியர் நுரையியலுக்குள் அடங்காமை எமக்கு வருத்தமே.

நான்காமியல்: நோக்குநர் வகை

நோக்குநர் பலர். குனிவோர் இயல்பினர், விடுக்க. ஊற்றி மறப்போர் கண்டவுடன் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, காணாதவர் ஆவர். விளிப்போர் தனியே காண ஒண்ணாதவர். அவர் பற்றிய சான்று ஒன்று கேட்டவாறே தரப்படுகிறது.

“அடியே, இங்க கொஞ்சம் வந்து பாரு.”

“காலங்காத்தால அதெல்லாம் என்னால பாக்க முடியாது. நேத்து நிச்சயதார்த்தத்துல ரெண்டு மைசூர்பாகு எடுத்தீங்கல்ல, அத நான் பாத்தேன்.”

கணவன் கூற்று நுரையைப் பற்றியது. மனைவி கூற்று மைசூர்பாகைப் பற்றியது. இரண்டும் ஒரு பொருள் மேலன என்பதை நுண்ணிதின் உணர்க.

படம்பிடிப்போர் அண்மைக்காலத்தவர். கைப்பேசியில் நுரையைப் படமெடுத்து மருத்துவரிடம் நீட்டுவர். மருத்துவர் விரலால் தள்ள, முன்னது பேரனின் காதணி விழா, பின்னது திருச்செந்தூர்க் கடற்கரை, நடுவே இது. மருத்துவர் ஏதும் சொல்லாமல் ஆய்வுத்தாளில் எழுதுவார்.

புட்டி ஏந்துவோர் மூவகையர். மஞ்சட்பையர், புட்டியைச் செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, பையில் இட்டு, பையை மடியில் வைத்து அமர்வர். பேருந்தில் அருகிருப்போர் அதைப் பலகாரம் என்று எண்ணுவர். சட்டைப்பையர் துணிந்தவர். வெளிப்படையர் கையில் ஏந்தித் தெருவில் எதிர்ப்படுவோரிடம் நலம் வினவியபடி செல்வர். ஏந்துவோர் எவராயினும் இருமல் மருந்துப் புட்டியைக் கழுவிப் பயன்படுத்தல் விலக்கு. மருந்தின் இனிப்பெச்சம் நீரில் கலந்து கன்னல் இருப்பதாகக் காட்டவும் கூடும். பெருமை எறும்பியலார்க்குப் போய்ச்சேரும். ஆய்வகம் தரும் புட்டியே கொள்க.

ஐந்தாமியல்: நுரையடக்கம்

நுரையை அடக்குவன இரண்டு முதன்மையானவை. வெளிவாயில் தளர்த்துவன, குருதி வடிகட்டியை விட்டு வெளியேறும் குழாயைத் தளர்த்தி அழுத்தம் குறைப்பன. கேப்டோப்ரில் முதல் வகை நீரிழிவில் சிறுநீரகத்தைக் காத்தமை 1993 இலும், லோசார்ட்டன், இர்பிசார்ட்டன் இரண்டாம் வகையில் காத்தமை 2001 இலும் வெளியாயின. மீட்புத் தடையன, மீட்போரின் எசுஜிஎல்டி-2 வாயிலை அடைப்பன. இவற்றின் மூதாதை 1835 இல் ஆப்பிள் மரப்பட்டையினின்று பிரிக்கப்பட்ட புளோரிசின். கனாகிளிபிளோசின் 2019 இலும் டாபாகிளிபிளோசின் 2020 இலும் சிறுநீரகத்துக்கென்றே ஆய்ந்து நலம் கண்டவை. உப்பு மீண்டும் காவலரிடம் செல்ல, அவர் ஏமாற்றம் தீர்ந்து வாயிலைக் குறுக்குவர். தொடக்கத்தில் வடிப்பு எண் சற்றுத் தாழ்வது இதனாலேயே. மிகைவடிப்பைப் பெருமை பேசியோர் இதைக் கண்டு மருந்தைத் தாமே நிறுத்துவர், நிறுத்தற்க. இம்மருந்து உண்போர்க்கு நுரை குறைய, நீரில் கன்னல் மிகும். கலத்தைச் சுற்றி எறும்பு வரின் அதை நோயின் குறியாகக் கொள்ளாது மருந்தின் குறியாகக் கொள்க. இவ்விடத்தில் எறும்பியலார் நூல் திருத்தம் பெற வேண்டும்.

புறனடை

இந்நூலுள் அடங்காதது ஒன்றுண்டு. வானூர்தி நிலையங்களில் ஆள் விலகியவுடன் தானே தண்ணீர் பாய்ச்சும் கலங்கள் உள. நோக்குநர் குனியுமுன் அங்கே நுரை மறைந்துவிடும். உண்டென்றும் சொல்லலாகாது, இல்லையென்றும் சொல்லலாகாது. விலகாமல் நின்றபடியே கழுத்தை மட்டும் சாய்த்து நோக்கலாம் என்பார் ஒரு சாரார். பின்னால் வரிசை நிற்பின் அது கைகூடாது. இதனை ஐயநுரை எனப் பெயரிட்டு, எவ்வகையிலும் சேர்க்காது, ஊர் திரும்பியதும் ஆய்வகத்தார் தரும் புட்டியில் மறுநாள் வைகறை நீரைப் பிடித்துக் கொடுக்க.